பழைய வீடியோ ஓடவில்லையா? விசிடி முதல் எம்டிஎஸ் வரை: எடுத்து வைக்கவும் ஓட வைக்கவும் முழு வழிகாட்டி

2002-ல் நடந்த சித்தப்பா கல்யாணம் எங்கள் வீட்டில் மூன்று விசிடிகளாக இருந்தது. பாட்டியின் குரல் பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான். இரண்டாவது சிடியில், பந்தி நடக்கும்போது, “கடைசி இலைக்கு இன்னும் சாம்பார் வரலையே” என்று யாரையோ விரட்டுகிறார். நான்கு விநாடி, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் அந்த சிடிகளை ஒரு கடையில் கொடுத்து, ‘எச்டி’யாக மாற்றி வாங்கினோம். பென்டிரைவைப் போட்டுப் பார்த்தால் எல்லார் முகமும் அகலமாக இழுபட்டிருந்தது. தவில்காரர் குச்சியைத் தூக்கிய பிறகு அடி விழுந்த சத்தம் வந்தது. பாட்டி வாயை மூடிய பிறகு குரல் வந்தது. சிடிகளைத் திருப்பிக் கேட்டபோது, “அதான் மாத்திக் குடுத்தாச்சே, அது எதுக்கு?” என்றார்கள். அவற்றைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

அத்தை வீட்டு பீரோவில் இன்னொரு செட் இருந்ததால் பிழைத்தோம். அதிலிருந்து எடுத்து, சரிசெய்து, இன்று எல்லார் போனிலும் ஓடும்படி செய்திருக்கிறோம். அந்த வேலையையும், அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கேசட், மெமரி கார்டு, பழைய நோக்கியா போன் எல்லாவற்றிலும் செய்த வேலையையும் வைத்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: முதலில் மாற்றாதீர்கள். சிடியிலோ கேசட்டிலோ இருப்பதை இருக்கிறபடியே எடுத்து வையுங்கள். பார்ப்பதற்கு வேறொரு நகல் செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஃபைலாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஹார்லிக்ஸ் பாட்டிலும் துவரம்பருப்பும்

நம் வீட்டுச் சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் உள்ளே ஹார்லிக்ஸ் இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. கடுகு இருக்கலாம், துவரம்பருப்பு இருக்கலாம். வீடியோ ஃபைலும் அப்படித்தான். ஏவிஐ, எம்ஓவி, எம்பி4, எம்கேவி என்பதெல்லாம் பாட்டிலின் பெயர். உள்ளே படமும் சத்தமும் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பது வேறு. அந்தச் சுருக்கும் முறைதான் கோடெக்.

மைக்ரோசாஃப்ட் 1992-ல் கொண்டுவந்த ஏவிஐ பாட்டிலுக்குள் சினிபேக், இன்டெல்லின் இண்டியோ, டிவ்எக்ஸ், எக்ஸ்விட், கேம்கார்டரின் டிவி (DV, தொலைக்காட்சி அல்ல), பழைய டிஜிட்டல் கேமராவின் மோஷன் ஜேபெக் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு ஏவிஐ ஃபைலில் ஒன்று ஓடி, இன்னொன்று ஓடாமல் போவது இதனால்தான். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று தூக்கிப் போடப்படும் வீடியோக்களில் பல கெட்டே போகவில்லை. அதைத் திறக்கத் தெரிந்த கோடெக் அந்த இயந்திரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சில சமயம் முன்பு ஓடிய ஃபைலே நின்றுபோகும். டிசம்பர் 2009-ல் பாதுகாப்புக் காரணத்துக்காக இண்டியோ கோடெக்கை விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் முடக்கியது. 2019-ல் வந்த மேக் ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை நிறுத்தியபோது, குயிக்டைம் 7-ம் அதை நம்பியிருந்த சினிபேக், சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளும் சேர்ந்தே போயின. உங்கள் ஃபைல் அப்படியேதான் இருக்கிறது, சுற்றியிருக்கும் உலகம்தான் மாறிவிட்டது.

படி 1: இருக்கும் இடத்திலிருந்து அப்படியே எடுங்கள்

கல்யாண விசிடியில் இருந்தே ஆரம்பிக்கிறேன், நம்மிடம் அதிகம் இருப்பது அதுதான். சிடியைத் திறந்தால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரில் ‘டேட்’ என்று முடியும் ஃபைல் இருக்கும். உள்ளே எம்பெக்-1 வீடியோ, 352 × 288 அளவு, விநாடிக்கு 25 படம். சத்தம் 224 கிலோபிட் எம்பெக் லேயர் 2. நம் ஊர் விசிடி எல்லாம் இதே அச்சுதான், 1993-ல் வகுத்த தரம் அது.

அதை காப்பி செய்யும்போது 70, 80 சதவீதத்தில் நின்று, ‘சைக்ளிக் ரிடண்டன்சி’ என்று ஒரு பிழைச் செய்தி வரும். சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் பிழை திருத்தக் கூடுதல் தகவல் இருக்கும். விசிடியில் வீடியோவுக்கு அதிக இடம் வேண்டும் என்பதற்காக அதை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே எழுதிவிட்டார்கள். அதனால்தான் 700 எம்பி சிடியில் 80 நிமிடம் அடங்குகிறது. அதே காரணத்தால்தான் ஒரு சின்னக் கீறலும் பெரிய தொல்லையாகிறது.

இப்படி நின்றால் பதற வேண்டாம். மிருதுவான துணியால், நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது, தடத்தின் போக்கிலேயே கீறல் விழும். அப்புறம் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொன்று அலட்டிக்கொள்ளாமல் படிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்தை வீட்டு சிடியை என் லேப்டாப்பின் மெல்லிய டிரைவ் கைவிட்டது. பக்கத்து வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்த பழைய டிவிடி ரைட்டர், முக்கி முனகிக்கொண்டு நாற்பது நிமிடத்தில் முழுசாக எடுத்துக் கொடுத்தது. அப்படியும் நின்றால் ஐசோபஸ்டர் போல, படிக்க முடியாத பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுக்கும் மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் விசிடியைச் சாதாரணமாக காப்பி செய்ய முடியாது. விசிடிஇமேஜர் தொகுப்பில் இருக்கும் பிரித்தெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

டிவிடியில் பிரச்சினை வேறு. ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டருக்குள் விஓபி ஃபைல்கள் 1 ஜிபி, 1 ஜிபியாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாக எடுத்து ஒட்டினால் சத்தம் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு. முழு டிவிடியையும் ஒரே ஐஎஸ்ஓவாக, அதாவது மொத்த டிஸ்க்கின் நகலான ஒரே ஃபைலாக, எடுங்கள். கீறல் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நிதானமாகத் திரும்பத் திரும்ப முயன்று எடுக்கும். பிறகு அதிலிருந்து மேக்எம்கேவி கொண்டு ஒரே எம்கேவி ஆக்கலாம். இதில் படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை, பாட்டில் மட்டும்தான் மாறுகிறது. கேம்கார்டரிலேயே சின்ன டிவிடியில் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அந்த டிவிடி கம்ப்யூட்டரில் காலியாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது ஃபைனலைஸ் செய்யப்படவில்லை, அதாவது மற்ற இயந்திரங்கள் படிக்கும்படி பதிவு முடித்துவைக்கப்படவில்லை. பதிவு செய்த கேமரா இன்னும் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் செய்துவிட்டு எடுங்கள்.

மினி டிவி (MiniDV) கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள். அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால், கேமரா எழுதிய அதே எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு வரும். மணிக்கு 13 ஜிபி ஆகும். ஆனால் பல கடைகளில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரை ஒரு மலிவான யுஎஸ்பி கேப்சரில் செருகி, டிஜிட்டலை அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்கி, அதையும் சுருக்கி எம்பி4 ஆகத் தருகிறார்கள். கொடுக்கும் முன் “ஃபயர்வயரில் எடுப்பீர்களா, டிவி (DV) ஃபைலாகத் தருவீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். நீங்களே எடுப்பதாக இருந்தால், ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப்பும் வின்டிவி என்ற சின்ன மென்பொருளும் போதும். நாடாவில் பிழை அதிகம் என்றால் டிவிரெஸ்க்யூ நல்லது, எந்தெந்த ஃபிரேமில் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) பழுது என்று காட்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஓடும் கேமரா கிடைப்பதே அரிதாகிவருகிறது. 2025-ல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது.

எம்டிஎஸ் ஃபைலாகப் பதிவு செய்யும் ஏவிசிஎச்டி வகைக் கேமராவின் மெமரி கார்டு என்றால் கார்டில் உள்ள மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி செய்யுங்கள். எம்டிஎஸ் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்ற கணக்கு பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது.

பழைய போன் வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பி எடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் அதை மறுபடி சுருக்கிவிடும். கேபிளிலோ கார்டு ரீடரிலோ எடுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

படி 2: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். ‘ட்ரீ’ அல்லது ‘டெக்ஸ்ட்’ காட்சியை வையுங்கள். நிறைய வரிகள் வரும், ஆறு விஷயம் போதும்: பாட்டிலின் பெயர், வீடியோ கோடெக், ஆடியோ கோடெக், படத்தின் அகல உயரமும் காட்டவேண்டிய விகிதமும், விநாடிக்கு எத்தனை ஃபிரேம், கடைசியாக ‘ஸ்கேன் டைப்’.

சித்தப்பா கல்யாணத்துக்கு அது காட்டியது: எம்பெக் பிஎஸ், எம்பெக் வெர்ஷன் 1, ஆடியோ லேயர் 2, 352 × 288, விகிதம் 4:3, 25 ஃபிரேம். கடை கொடுத்த ‘எச்டி’ ஃபைலுக்குக் காட்டியது: எச்.264, 1920 × 1080, விகிதம் 16:9, 30 ஃபிரேம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. 4:3 படத்தை 16:9-க்கு இழுத்திருக்கிறார்கள், அதனால் முகம் அகலமானது. 25 ஃபிரேமை 30 ஆக்க விநாடிக்கு ஐந்து ஃபிரேம் திரும்பப் போட்டிருக்கிறார்கள், அதனால் ஊர்வலம் விக்கி விக்கி நகர்ந்தது. 352 புள்ளி அகலத்தில் இல்லாத விவரம் 1920-ல் எங்கிருந்து வரும்? ஃபைல் மட்டும்தான் பெருத்திருந்தது.

சத்தம் தள்ளிப்போனதற்குக் காரணம் கீறல். படிக்க முடியாத இடத்தை மென்பொருள் தாண்டும்போது படத்தில் விழும் ஓட்டையும் சத்தத்தில் விழும் ஓட்டையும் ஒரே அளவில் இருக்காது. ஃபைலில் இருக்கும் நேரக்குறியைப் பார்த்து ஓட்டுகிற பிளேயர் சமாளித்துவிடும். அதைப் பொருட்படுத்தாமல் வெறுமனே எண்ணிக்கொண்டு மாற்றுகிற மென்பொருளில் ஒவ்வொரு கீறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, கடைசியில் ஒரு விநாடிக்கு மேல் போய்விடும்.

படி 3: ஓடாததற்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

முதலில் விஎல்சி அல்லது எம்பிவி பிளேயரில் போட்டுப் பாருங்கள். இவை விண்டோஸில் நிறுவப்பட்ட கோடெக்கை நம்பி இருப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற திட்டம் 2000-லிருந்து சேர்த்துவைத்த கோடெக்குகள் உள்ளேயே இருக்கின்றன. இண்டியோ, சினிபேக், சோரன்சன், ரியல்வீடியோ, டிவ்எக்ஸ் 3 என்று பெயரே மறந்துபோனவற்றையும் பெரும்பாலும் திறக்கும். ‘இந்தக் கோடெக் பேக்கைப் போடுங்கள்’ என்று எங்கோ ஓர் இணையதளம் சொல்வதைக் கேட்டு எதையும் நிறுவாதீர்கள். அந்தப் பழக்கத்துக்கு இன்று தேவையே இல்லை, அதோடு வைரஸ் வரும் வழியும் அதுதான்.

விஎல்சியில் ஓடுகிறது, டிவியில் ஓடவில்லை என்றால் ஃபைல் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகலாம். பார்க்கும் நகல்தான் தேவை, படி 5-க்குப் போங்கள். விஎல்சியிலும் ஓடவில்லை என்றால்தான் உண்மையான பிரச்சினை.

ஏவிஐ ஃபைல் ஓடுகிறது, ஆனால் முன்னே பின்னே தள்ள முடியவில்லை. அல்லது ‘இண்டெக்ஸ் இல்லை’ என்று விஎல்சி கேட்கிறது. எந்த ஃபிரேம் எங்கே என்ற பட்டியல்தான் இண்டெக்ஸ், ஏவிஐயில் அது ஃபைலின் கடைசியில் எழுதப்படும். பதிவு பாதியில் நின்றாலோ காப்பி அறுந்தாலோ அது இருக்காது. படம் பத்திரமாகத்தான் இருக்கிறது. மறுபடி சுருக்காமல் எம்கேவி பாட்டிலுக்கு மாற்றினால் புது இண்டெக்ஸ் வந்துவிடும்.

எம்பி4 ஃபைல் பல ஜிபி இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவே இல்லை. பதிவின்போது பேட்டரி தீர்ந்திருக்கும். எம்பி4-ல் எந்த ஃபிரேம் எங்கே என்ற பட்டியல் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும், அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் புரியாது. அன்ட்ரங்க் என்ற கருவி, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததைக் கட்டித்தரும். எனவே பழைய போனை விற்கும் முன் அதில் எடுத்த ஒரு நல்ல வீடியோவையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

படம் வருகிறது, சத்தம் இல்லை. பழைய நோக்கியா 3ஜிபி ஃபைலில் வீடியோ எச்.263, 176 × 144. ஆடியோ ஏஎம்ஆர், போனில் பேசுவதற்காகச் செய்த கோடெக். பல டிவிகளுக்கு ஏஎம்ஆர் தெரியாது. கேம்கார்டர் எம்டிஎஸ்-ல் ஏசி-3, பழைய கேமரா ஏவிஐயில் சுருக்காத பிசிஎம். எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஒன்றே: பார்க்கும் நகலில் ஆடியோவை ஏஏசி என்ற கோடெக்குக்கு மாற்றுங்கள். டிவி (DV) வகை ஏவிஐயில் ‘டைப் 1’ என்று ஒன்று உண்டு, அதில் சத்தம் தனித் தடமாக இல்லாமல் வீடியோவுக்குள்ளேயே கலந்திருக்கும். சில எடிட்டிங் மென்பொருள் அதைப் பார்க்காது. ‘டைப் 2’ ஆக மாற்றினால் போதும், தரம் துளியும் குறையாது.

எம்டிஎஸ் துண்டுகள் சேரும் இடத்தில் சத்தம் ‘டக்’ என்று வெட்டுகிறதா? மெமரி கார்டின் ஃபேட்32 அமைப்பில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் கேமரா நீளமான பதிவை 2 அல்லது 4 ஜிபியில் வெட்டும். அந்த வெட்டு, சத்தத்தின் ஒரு துண்டுக்கு நடுவிலேயே விழலாம். தனித்தனியாக மாற்றிவிட்டு ஒட்டினால் அந்தச் சத்தத் துண்டு தொலைந்துவிடும். முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் மாற்றுங்கள். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ‘அப்பெண்ட்’ வேண்டாம், ‘அடிஷனல் பார்ட்ஸ்’ என்பதில் சேருங்கள். துண்டுகளை ஒரே நீள ஃபைலாக நினைத்துப் படிக்கும்.

இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு: புது வீடியோ, பழைய இயந்திரம். ஐபோன்கள் 2017-லிருந்து எடுக்கும் எச்இவிசி வீடியோ பழைய லேப்டாப்பில் திணறும், விண்டோஸில் அதற்கான நீட்டிப்பைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும். விஎல்சியில் ஓடும். இந்த மூலத்தையும் மாற்றித் தூக்கிப் போட வேண்டாம்.

படி 4: காலத்துக்கும் வைக்க எது?

இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். எம்பெக்-1, எம்பெக்-2, டிவி (DV), எச்.264, மோஷன் ஜேபெக் ஆகியவற்றை வேறு எதற்கும் மாற்றத் தேவையில்லை. இவை உலகம் முழுக்கப் பரவிய, எழுதிவைக்கப்பட்ட தரங்கள். இவற்றைத் திறக்கும் மென்பொருளின் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. எடுத்த ஃபைலையே வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கியதை மறுபடி சுருக்கினால், பழைய இழப்போடு புது இழப்பும் சேரும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

ஒரே நிறுவனத்தின் கையில் இருந்த கோடெக்குகள் வேறு. இண்டியோ, சோரன்சன், ரியல்வீடியோ, பழைய திரைப்பதிவு மென்பொருள்களின் கோடெக் இவையெல்லாம் அதில் அடங்கும். இதற்கு மூல ஃபைலோடு கூட, இன்று சரியாகத் திறக்கும்போதே எஃப்எஃப்வி1 என்ற கோடெக்கில் ஒரு நகல் எம்கேவி பாட்டிலில் செய்து வையுங்கள். எஃப்எஃப்வி1 இழப்பே இல்லாமல் சுருக்கும். எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் 2003 வாக்கில் பிறந்து, 2021-ல் இணையத் தர ஆவணமாகவே வெளியானது. எம்கேவி பாட்டிலுக்கும் 2024-ல் அப்படி ஓர் ஆவணம் வந்தது. எஃப்எஃப்வி1 ஒவ்வொரு ஃபிரேமையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் எழுதிவைக்கும். பத்து வருடம் கழித்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட் மாறினால்கூட எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியும். வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய மீடியாதேக் என்ற ஒலி ஒளிக் காப்பகம் தன் வீடியோக்களை வைப்பதும் இதில்தான்.

விஎச்எஸ் கேசட்டை இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றாலும் இதே கோடெக்தான். அங்கே மூலம் அனலாக், எனவே நீங்கள் எடுக்கும் முதல் ஃபைல்தான் இனி மூலம். 8 பிட்டில் சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி போல ஆகும், எஃப்எஃப்வி1 அதைப் பெரும்பாலும் பாதிக்கும் கீழே கொண்டுவரும். இந்த மாற்றத்தை ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் பட்டனை அழுத்தியே செய்யலாம். பாட்டிலை மட்டும் மாற்ற வேண்டுமானால் அதிலேயே ‘ரீராப்’ இருக்கிறது.

படி 5: பார்ப்பதற்கு ஒரு நகல்

இதற்கு எம்பி4 பாட்டில், எச்.264 வீடியோ, 8 பிட், ஏஏசி ஸ்டீரியோ ஆடியோ. இந்தக் கூட்டு ஓடாத போனையோ டிவியையோ இன்று பார்ப்பது கஷ்டம். இதைவிடச் சிறிதாக்க எச்இவிசி, ஏவி1 என்று போகலாம்தான். ஆனால் அத்தை வீட்டு டிவியில் ஓட வேண்டும் என்பதுதான் இந்த நகலின் ஒரே வேலை.

ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஃபைலைத் திறங்கள். டேட் ஃபைல் திறக்கவில்லை என்றால் பெயரின் கடைசியை ‘எம்பிஜி’ என்று மாற்றிப் பாருங்கள். வீடியோ தாவலில் எச்.264 எக்ஸ்264, தர எண் 18, எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆடியோ ஏஏசி, 160 கிலோபிட். ‘வெப் ஆப்டிமைஸ்ட்’ என்பதை டிக் செய்யுங்கள்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டியது: இன்டர்லேஸ். மீடியாஇன்ஃபோவில் ‘ஸ்கேன் டைப்’ என்பதில் இன்டர்லேஸ்ட் என்று இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதிகளால் ஆனது. ஒற்றை வரிகள் ஒரு கணத்தில், இரட்டை வரிகள் 1/50 விநாடி கழித்து. பழைய குழாய் டிவியில் இது மிக அழகாக இருக்கும். இன்றைய திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், மாலை மாற்றும் கையின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் தாவலில் டீஇன்டர்லேஸ் என்பதில் பிடபிள்யூடிஃப், முன்னமைப்பு ‘பாப்’ வையுங்கள். இரண்டு பாதிகளும் தனித்தனி ஃபிரேம் ஆகி, விநாடிக்கு 50 கிடைக்கும், அசைவு அன்று டிவியில் பார்த்த அதே வழவழப்போடு இருக்கும். ஆனால் ஒரு பொறி: வழக்கமான முன்னமைப்பு ஃபிரேம் எண்ணிக்கையை 30-ல் நிறுத்திவிடும். ஃபிரேம் ரேட்டை 50 என்றும், ‘கான்ஸ்டன்ட்’ என்றும் நீங்களே மாற்ற வேண்டும். ஆள் நடக்கும்போது முன்னும் பின்னும் துள்ளுவது போல இருந்தால் பாதிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. மினி டிவி கேசட்டில் கீழ்ப்பாதி முதலில் வரும், மற்ற பெரும்பாலான பதிவுகளில் மேல்பாதி முதலில். பழைய எடிட்டிங் மென்பொருள் வழியாக வந்த ஃபைல்களில் இந்தக் குழப்பம் சகஜம். விசிடிக்கு மட்டும் இந்த வேலையே வேண்டாம். அதில் இன்டர்லேஸ் கிடையாது, டீஇன்டர்லேஸ் போட்டால் உள்ள கொஞ்சத் தெளிவும் போகும்.

அடுத்து விகிதம். நம் ஊர் ‘பால்’ (PAL) தொலைக்காட்சி முறை டிவிடியும் மினி டிவி கேசட்டும் 720 × 576. அந்தப் புள்ளிகள் சதுரம் இல்லை. 4:3 என்றால் 768 × 576 ஆகவும், 16:9 என்றால் 1024 × 576 ஆகவும் காட்ட வேண்டும். சில டிவிகள் இந்தக் குறிப்பை மதிக்காது, அவற்றுக்காக ‘அனமார்ஃபிக்’ என்பதை அணைத்து அகலத்தை நேராகவே 768 என்று கொடுங்கள். 4:3 படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும். திரையை நிரப்ப இழுத்தால் முகம் வீங்கும், மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். ஹேண்ட்பிரேக் தானாகவே ஓரம் வெட்டும், அதையும் அணைத்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கேசட் அந்த ஊர் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில், 720 × 480, விநாடிக்கு 29.97 ஃபிரேம் இருக்கும். அதை 25 ஆக்க வேண்டாம், இன்றைய டிவி இரண்டையும் ஓட்டும். இன்டர்லேஸ் இருந்தால் மேலே சொன்ன 50-க்குப் பதில் 59.94.

படி 6: சரிபாருங்கள், இரண்டு ஊரில் வையுங்கள்

மாற்றிய நகலின் முதல் நிமிடத்தை மட்டும் பார்த்து ‘சரி’ என்று விடாதீர்கள். சத்தம் தள்ளுவது கடைசியில்தான் தெரியும். கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கைதட்டும் இடத்தையோ, தவிலடியையோ தேடிப் பாருங்கள். மொத்த நீளமும் மூலத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

மூல ஃபைல்களுக்கு 7-ஜிப் மூலம் வலது கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 என்ற, ஃபைலின் கைரேகை போன்ற எண்ணை எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வையுங்கள். வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்த பின் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் காப்பி சரியில்லை. மூலத்துக்கு மூன்று நகல்: வீட்டில் இரண்டு வேறு டிஸ்க்கில், மூன்றாவது வேறு ஊரில். எங்கள் மூன்றாவது டிஸ்க் அத்தை வீட்டில், அதே பீரோவில் இருக்கிறது. பென்டிரைவை இதற்கு நம்ப வேண்டாம், டிவியில் செருகிப் பார்க்க மட்டும் அது போதும். அதையும் எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள், ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது.

ஃபைல் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாலேயே தொடங்குங்கள், தானாக வரிசையாகிவிடும். தமிழில் பெயர் வைத்தால் கம்ப்யூட்டரில் பிரச்சினை இல்லை, ஆனால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கடைசியாக, எந்த மென்பொருளும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நகலை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை முழுசாகப் பாருங்கள், கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு. “பச்சைப் பட்டுப்புடவை யாரு?” “மணவறைக்குப் பின்னால நிக்கிறது யாரு பையன்?” என்று கேட்டுக் கேட்டு, நேரத்தோடு எழுதுங்கள். அதை வீடியோ பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக, மூலத்தின் பக்கத்தில் வையுங்கள். எங்கள் இரண்டாவது சிடியின் ஃபைலில் அத்தை சொல்லச் சொல்ல நாற்பது வரிக்கு மேல் வந்தது. அதில் ஒரு வரி: 31:07, பாட்டி, பந்தியில், விரட்டு வாங்குவது பெரிய மாமா, சாம்பார் வாளி அவர் கையில்தான் இருக்கிறது.